கிடை கிடக்கு

கோவில்பட்டி
15.12.1998

பிரியமுள்ள ஆயிஷாவுக்கு,

நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கடிதம் போட்டு நான்கு மாதமாகிறது என்று திட்டுவாய். இப்போதும் காரியமாகத்தான் எழுதுகிறேன். அதையும் சேர்த்துத் திட்டிக்கொள்.

எங்கள் கூட்டுக்குழுவைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். வனத்துறை, மூன்று ஊர்ப் பஞ்சாயத்துகள், எங்கள் கல்லூரி விலங்கியல் துறை, வேலி போட்டுத் தந்த தீப்பெட்டி ஆலை முதலாளி சோலைராஜ். இத்தனை பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைப்பதே என் வேலையாகிவிட்டது.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் மரத்தில் அடைவதில்லை. திறந்த புல்வெளியில், தரையில், கூட்டமாக அடைகின்றன. சென்ற ஞாயிறு மாலை மூன்று இடங்களிலும் ஒரே நேரத்தில் எண்ணினோம். கழுகுமலைப் பக்கம் 41. மணியாச்சிப் பக்கம் 58. உங்கள் புதூர் மேய்ச்சல் புறம்போக்கில் 3. இரண்டு வருடத்துக்கு முன் அங்கே 112 இருந்தன. அதற்குப் பிறகுதான் ஆடு நுழையத் தடை வாங்கி, வேலியும் போட்டோம். பாதுகாத்த இடத்தில் மட்டும் எப்படிக் குறையும்? எண்ணப்போன மாணவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நீ ஒருநாள் போய்ப் பார்த்து எழுதுவாயா?

அன்புடன்,
கல்யாணி

புதூர்
24.12.1998

அன்புள்ள கல்யாணிக்கு,

முழங்காலை விசாரித்ததற்கு நன்றி. அந்த முழங்காலோடுதான் இரண்டு நாள் உன் புறம்போக்குக்கு நடந்தேன். நான் நோன்பு திறக்கிற நேரமும் உன் பருந்து இறங்குகிற நேரமும் ஒன்றாகப் போயிற்று. பையில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டுபோய், வேலி ஓரத்திலேயே நோன்பு திறந்தேன். முதல் நாள் இரண்டு வந்தன. மறுநாள் ஒன்றுமில்லை. உன் மாணவர்களைச் சந்தேகப்படாதே.

அங்கே புல்லும் இல்லை, கல்யாணி. சீமைக்கருவேல் இடுப்பளவு நிற்கிறது. சோலைராஜ் பெயர் போட்ட பலகை மட்டும் பளபளவென்று இருக்கிறது.

திரும்பும் வழியில் கொம்பையா அண்ணாச்சியைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் குழுக் கூட்டத்துக்கு வந்தாரே, அதே ஆட்டுக்காரர். பருந்தெல்லாம் எங்கே என்று கேட்டேன். "அத உங்க கோயில்பட்டி டீச்சர்ட்டல்லா கேக்கணும்? நான் சொல்லாததயும் எழுதுதவிய அவியதானே!" என்றார். நின்று பேசவில்லை.

நீ என்ன எழுதினாய்?

உன்,
ஆயிஷா

கோவில்பட்டி
29.12.1998

பிரியமுள்ள ஆயிஷா,

நோன்பு மாதம் என்பதை மறந்து உன்னை அலையவைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

யாரும் சொல்லாததை நான் எழுதுகிறவள் இல்லை. அன்றைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் புல்வெளியில் கிடை உண்டா என்று வனத்துறை ரேஞ்சர் கேட்டார். கொம்பையா சொன்னதை வார்த்தை மாறாமல் என் கையால் எழுதியிருக்கிறேன்: "அங்கன கிடை கிடக்குல்லா. பொழுதடைஞ்சா ஆளு போவக்கூடாது." தீர்மானத்தில் அதையே திருத்தமான தமிழில் சேர்த்தேன்: 'மேற்படி இடத்தில் இரவில் தாம் கிடை போடுவதாகத் திரு. கொம்பையா ஒப்புக்கொண்டார்.' அதை வைத்துத்தான் தடை வந்தது. தரையில் அடையும் பறவைகள் மேல் ராத்திரி ஆட்டை அடைத்துக் கிடை போட விடமுடியுமா?

எழுதும்போதே ஒன்று இடிக்கிறது. இரவில் ஆடு கிடந்த இடமென்றால் 112 பருந்து அங்கே எப்படி அடைந்தது? சீமைக்கருவேல் முன்பு ஏன் இல்லை? ஆடு அதன் இலையைச் சீந்தாதே. இரண்டையும் கேட்டுச் சொல்.

அன்புடன்,
கல்யாணி

புதூர்
5.1.1999

அன்புள்ள கல்யாணிக்கு,

பாதியை நீயே கண்டுபிடித்துவிட்டாய். மீதி ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது.

உன் தீர்மான வாசகத்தைக் கொம்பையா அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "ஏம்மா, ஆட்டுக்கிடைய மனுசன் போடுவான். பருந்து தானா வந்து கிடக்கும். நான் கிடக்குன்னுல்லா சொன்னேன்? அது பருந்துக் கிடை. அதத் தொந்தரவு பண்ணாதீயன்னு சொல்லத்தான் அன்னைக்கு பஸ் ஏறி வந்தேன். புறம்போக்குல ஆட்ட அடைக்க எனக்கென்ன கிறுக்கா? புழுக்கை எருவுக்காவ பருத்திக் காட்டுக்காரன் வா வான்னு கூப்புடுதான்" என்றார்.

இரண்டாவது கேள்விக்கும் பதில் உண்டு. பகலில் மேய்க்கும்போது சீமைக்கருவேல் கன்று கண்ணில் பட்டால் இவர்கள் வேரோடு தோண்டிப்போடுவார்கள். முள் குத்தினால் ஆட்டின் கால் புரையோடிவிடும். ஆடு உள்ளே போகாததால் கன்றைத் தோண்டவும் ஆளில்லை; கருவேல் வெளியை மூடியது, பருந்து இறங்க இடமில்லை. மேய்ச்சல் இல்லாமல் அவர் பாதி ஆட்டை விற்றுவிட்டார்.

பருந்துகள் இப்போது எங்கே அடைகின்றன என்பது அவருக்குத் தெரியும். நேற்று எனக்கும் காட்டினார். எண்ணிப் பார்த்து நூறில் விட்டுவிட்டேன். இடத்தை எழுதமாட்டேன். எழுதினால் நீ வேலியோடு வருவாய். கோபித்துக்கொள்வாயானால் கோபித்துக்கொள்.

உன்,
ஆயிஷா

கோவில்பட்டி
25.1.1999

பிரியமுள்ள ஆயிஷாவுக்கு,

பிந்திய பெருநாள் வாழ்த்துகள். மூன்று வாரமாக எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. முதல் வாரம் மட்டும் கோபம். அதற்குப் பிறகு வெட்கம்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. பழைய தீர்மானத்தை வாசித்து, தவறு என்னுடையது என்றேன். "ரெண்டு வருசம் கழிச்சா சொல்லுதீங்க, மேடம்?" என்றார் ரேஞ்சர். "அப்போ என் வேலி எதுக்கு?" என்றார் சோலைராஜ். உங்கள் பஞ்சாயத்துத் தலைவர் காசிராஜன்தான் மேஜையைத் தட்டிச் சிரித்தார்: "வினைச்சொல்லுக்கு வேலி போட்டது நம்ம ஊருதான், அண்ணாச்சி!" நானும் சிரித்திருக்கலாம். முடியவில்லை.

தடையை நீக்கவும் வேலியைப் பிரிக்கவும் தீர்மானமாயிற்று. மூன்று ஊரிலிருந்தும் ஆட்டுக்காரர் ஒருவர் குழுவில் இருப்பார். உத்தரவு கைக்கு வரும்வரை எதையும் நம்பவேண்டாம் என்று கொம்பையாவிடம் சொல். விற்ற ஆட்டுக்கு என்னிடம் பதில் இல்லை என்பதையும் சொல்.

பருந்துகள் எங்கே போயின என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அது உண்மை. உண்மையாகவே இருக்கட்டும், இடத்தை எழுதாதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இறங்கியதும் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து உட்காருகின்றனவா? இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். தொலைநோக்கிக்கு எட்டிய தூரத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

அன்புடன்,
கல்யாணி

(அஞ்சலட்டை)

புதூர்
1.2.1999

கல்யாணி,

உன் கேள்வியை அண்ணாச்சியிடம் கேட்டேன். "அத வாயால சொல்ல வராது. வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி பஸ்ஸில் வா. கரிசல் காட்டில் ஒரு மைல் நடக்கவேண்டும். வெளிர் நிறச் சேலை வேண்டாம், பருந்து மிரளும். இது நான் சொல்வது.

அண்ணாச்சி சொன்னது இன்னொன்று: "நோட்ட மட்டும் வீட்டுல வச்சிட்டு வரச் சொல்லுங்க."

ஆயிஷா