நாற்பது நாள் முடியும் முன்

அன்புள்ள அப்பா,

நேற்று போனில் எல்லோரும் சௌக்கியம் என்று சொன்னேன். பெரியம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். தம்பி சௌக்கியம்தான். நன்றாகக் குடிக்கிறான், ஆட்டுப்பால்.

அவன் பிறந்த மூன்றாம் நாளிலிருந்து அம்மாவுக்குக் காய்ச்சல். இன்று மாலை என்னை நீங்கள் என்று நினைத்து, "மாஸ்கோவிலிருந்து எப்ப வந்தீங்க?" என்று கேட்டாள்.

ஊர் மருத்துவ அறை பூட்டிக் கிடக்கிறது. நர்ஸும் ருஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். "இப்ப அந்தத் திண்ணையில படுத்திருக்கிற ஆடுங்கதான் டாக்டரு" என்கிறார் பால் லாரி ஓட்டும் தெமிர்குல் மாமா. கணவாய்க்கு அப்பால் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிப்போக அவர் தயார். பெரியம்மாதான் விடவில்லை.

"நாப்பது நாள் முடியாம புள்ளை பெத்தவ வாசப்படி தாண்டுனா பேய் புடிச்சுக்கும்டி. தலகாணிக்கு அடியில கத்தி வச்சிருக்கேன், ஒண்ணும் கிட்ட வராது. ஏழாங் கிளாஸ் படிக்கிறவ எனக்குப் புத்தி சொல்றியா?"

பெரியம்மா கெட்டவர் இல்லை, அப்பா. அம்மாவின் கால்களைத் தேய்த்துவிட்டு, அடுப்பங்கரையில் போய் அழுகிறார்.

விடிந்ததும் நான் ஒரு பொய் சொல்லப் போகிறேன். அம்மாவை உடனே கூட்டிப்போகச் சொல்லி, தெமிர்குல் மாமாவின் போனில் நீங்கள் பேசினீர்கள் என்று. இந்தக் கடிதத்தை அவர் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புவார். பெரியம்மா கூப்பிட்டுக் கேட்டால், "ஆமாம், நான்தான் சொன்னேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

அந்தக் கத்தியையும் லாரியில் எடுத்துக்கொண்டு போவேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

உங்கள் மூத்த மகள்