கார்டில் இல்லாத பேர்

மச்சான்,

போன வாரம் ஒருத்தர் என் இ-சேவைக் கடை மேஜையில் ரேஷன் கார்டை வைத்தார். அதன் மேல் ஒரு கல்யாணப் பத்திரிகை, நாலு மூலையிலும் மஞ்சள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. "பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சிடுச்சுங்க. அவ பேர கார்டுலேருந்து நீக்கிக் குடுங்க. ஆதாரத்துக்குப் பத்திரிகை வேணும்னாங்க, கொண்டாந்துட்டேன்" என்றார். பொண்ணு யார் தெரியுமா? நம்ம உதவித்தொகையில் சிதம்பரத்தில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். "சர்வர் வேலை செய்யல, திங்கக்கெழமைக்கு மேல வாங்க" என்று வாய் கூசாமல் பொய் சொல்லி அனுப்பினேன். சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நாம் அந்த உதவித்தொகையை ஆரம்பித்த நாளை நினைத்துக்கொண்டேன். நம்ம மேல்பட்டாம்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நீ சுற்றுச்சுவர் கட்டிக்கொண்டிருந்தாய். சிதம்பரத்தில் முதல் வருஷம் படிக்கும்போதே அப்பா இறந்துபோய், காலேஜை விட்டுக் கொத்துக் கரண்டியைப் பிடித்தவன் நீ. அந்தக் காலேஜ் வாசலைப் பஸ் கடக்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாய். "இந்த ஸ்கூல்ல பன்னெண்டாவது முடிக்கிற நம்ம ஊரு புள்ள ஒண்ணுகூட பீஸ் இல்லாம நிக்கக் கூடாதுடா" என்றாய் அன்றைக்கு. நூற்றுக்கு எத்தனை எடுத்தவர்களுக்கு என்று நான் கேட்டேன். "மார்க்கப் பாக்காத, ஊரப் பாரு" என்றாய். வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள், ஆலையில் வேலை பார்க்கிறவர்கள், மேஸ்திரி உன்னிடம் வேலை செய்த கொத்தனார்கள் எல்லாரையும் விடாமல் துரத்தினாய்.

அதற்குப் பிறகு ஊர் மாறியது உண்மை. பத்தாவது முடித்ததும் டைல்ஸ் வேலைக்குச் சென்னைக்கு ஓடிய பையன்கள் இன்னும் இரண்டு வருஷம் படித்துப் பார்க்கலாம் என்று நின்றார்கள். கடலூரில் தனியார் பள்ளிக்கு அனுப்பியவர்கள்கூடப் பிள்ளையைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். காலையில் சிதம்பரம் போகும் பஸ்ஸில் நம்ம பிள்ளைகளுக்கே உட்கார இடம் இல்லாமல் போனது. கூடவே தில்லுமுல்லும் வந்தது. அக்கா மகன், தங்கச்சி மகன் என்று வெளியூர்ப் பிள்ளைகளையெல்லாம் நம்ம ஊர்ப் பிள்ளை என்று கூட்டி வந்தார்கள். அதனால்தான் நான் அந்த விதியைப் போட்டேன். வருஷா வருஷம் கார்டு நகல் வேண்டும். நம்ம ஊர்க் கார்டில் பேர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சிபாரிசுக்கு இடமே கிடையாது என்று எனக்குப் பெருமையான பெருமை. நீ முணுமுணுத்தாய், ஆனால் ஒத்துக்கொண்டாய்.

அப்புறம் சுகந்தி விஷயம் வந்தது. உன்னிடம் சித்தாள் வேலை பார்த்த அம்மாவின் மகள், கணக்குப் பாடத்தில் புலி. இரண்டாம் வருஷம் நடக்கும்போதே காட்டுமன்னார்கோயிலில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் அப்பாவும் இதே மாதிரி கார்டும் பத்திரிகையுமாகத்தான் என் கடைக்கு வந்தார். நான்தான் பேரை நீக்கினேன். இரண்டு மாதம் கழித்து உதவித்தொகைக் குழுக் கூட்டத்தில் செயலாளராக உட்கார்ந்து, கார்டில் பேர் இல்லை என்று பட்டியலிலும் நான்தான் அடித்தேன். அடித்தது ஒரே கை என்பதுகூட எனக்கு அன்று உறைக்கவில்லை.

நீ எழுந்தாய். "கார்டு அரிசிக்குடா. அவ படிப்புக்கு இல்ல."

"ரூல்ஸ்னா ரூல்ஸ்தான் மச்சான். அவ இப்ப அந்த ஊரு பொண்ணு, அவுங்க பாத்துக்கட்டும்."

"ஏத்தி வுட்டது நாம. பாதியில எறக்கி வுடுறதும் நாமளா?"

கை தூக்கச் சொன்னேன். உன் பக்கம் உன் கை மட்டும்தான். அதற்குப் பிறகு நீ கூட்டத்துக்கு வரவே இல்லை. கடைக்கு வருவாய், டீ குடிப்பாய், சிமெண்ட் விலை ஜாஸ்தியானதைப் பேசுவாய், அதை மட்டும் பேசமாட்டாய். ஒருமுறை, "அந்தப் பொண்ணு என்ன பண்றான்னு கேட்டியா?" என்றாய். டீ ஆறுகிறது என்றேன். போன தை மாதம் வேலை பார்த்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது, நான் தப்புப் பண்ணிவிட்டேன் மச்சான் என்று நாக்கு நுனி வரை வந்தது. யாரிடம் சொல்வது?

பொய் சொல்லி அனுப்பிய அன்றைக்கே பழைய பட்டியல்களை எடுத்துப் பார்த்தேன். கார்டில் பேர் இல்லை என்று அடிக்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் நம்ம பள்ளியில் படித்த பெண்கள். கல்யாணம் ஆன பையன் பேரை யார் கார்டிலிருந்து எடுக்கிறார்கள்? வெளியூர்க்காரனைத் தடுக்க நான் போட்ட விதி நம்ம வீட்டுப் பெண்களைத்தான் தடுத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொன்னேன்: நம்ம ஊர்ப் பிள்ளையாகப் பன்னிரண்டாவது முடித்தவர் எங்கே வாழப் போனாலும் பட்டம் வாங்கும்வரை நம்ம பிள்ளைதான். பொருளாளர் சிரித்தார். "கட்டிக் குடுத்த பொண்ணுக்கெல்லாம் செஞ்சா எங்க போயி நிக்கும்? ரூல் போட்டதே நீங்கதான?"

"நான்தான் போட்டேன். தப்பாப் போட்டேன். மாத்தாம இங்கேருந்து எழுந்திரிக்க மாட்டேன்."

ஒரு மணி நேரம் கத்தினார்கள். நானும் கத்தினேன், உனக்குத்தான் என் வாய் தெரியுமே. நீ போனபிறகு உன் இடத்தில் உன் வீட்டுக்காரி, தங்கச்சிதான் உட்காருகிறாள். முதல் கை அவளுடையது. அப்புறம் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒரே ஒரு கை அதிகத்தில் தப்பித்தோம்.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணின் அப்பாவை வரச்சொல்லி, படிப்பு நிற்காது என்று சொல்லிவிட்டுத்தான் பேரை நீக்கிக் கொடுத்தேன். அடுத்த நாள் சிதம்பரத்தில் இறங்கி, விட்ட இடத்திலிருந்து சுகந்தி சேர முடியுமா என்று காலேஜில் விசாரித்தேன். முடியும் என்றார்கள். படிவத்தை வாங்கிக்கொண்டு காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ் ஏறினேன்.

வாசலில் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். "வாங்க மாமா" என்று நாற்காலி போட்டாள். தண்ணீரைக்கூட வாங்காமல், "ஒன்ன நிறுத்துனது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும் மாமா."

"மேஸ்திரி சொன்னானா?"

"அவரு அப்படிச் சொல்லல. ஜூன் மாசம் ஆனா காலேஜ் புக்கு வாங்கியாந்து குடுத்துட்டுப் போவாரு. 'ஒன் பேரு எங்கயும் போவல. எழுதறவன் மறந்துட்டான். கோவக்காரன், ஆனா நியாயஸ்தன். அவனே வருவான், நீ ரெடியா இரு'ன்னாரு."

உள்ளே போய் அந்தப் புத்தகங்களை எடுத்துவந்து காட்டினாள். எல்லாவற்றுக்கும் அட்டை போட்டிருந்தாள். பிள்ளைகள் எல்லாம் பார்க்க, வயசான மனுஷன் நான் அங்கேயே அழுதுவிட்டேன் மச்சான். அவள் மாமியார் உள்ளிருந்து எட்டிப் பார்த்தபோது, "அத்த, நான் காலேஜ் போறேன்" என்றாள் சுகந்தி. கேட்கவில்லை, சொன்னாள். பேனாவை வாங்கி, படிவத்தில் ஊர் என்று இருந்த இடத்தில் மேல்பட்டாம்பாக்கம் என்று எழுதினாள்.

பட்டியலில் அடிபட்ட மற்றப் பெண்களின் பேர்கள் என் சட்டைப் பையில் இருக்கின்றன. அதில் ஒருத்தியைப் பார்க்க நாளைக்குப் பிச்சாவரம் பக்கம் போகிறேன். நீ என்னை நம்பிய அளவுக்கு நான் என்னையே நம்பியதில்லை. அவன் வருவான் என்று நீ சொல்லி வைத்துவிட்டாய், மச்சான், போகாமல் இருக்க முடியுமா.