நானும் ஆமென் சொன்னேன்

ஜூன் 4, புதன்

முதல்வருக்கு எழுதவேண்டிய கடிதத்துக்கான குறிப்புகள். கோபம் ஆறும்வரை இங்கேயே கிடக்கட்டும்.

1. மார்ச் 14: இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் நடத்திவந்த வணிக அறம் பாடம், என்னைக் கேட்காமலே கல்லூரிப் போதகருக்கு மாற்றப்பட்டது.

2. ஏப்ரல் 9: காரணம் கேட்டு எழுதினேன். "ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்" என்று ஒரே வரியில் பதில்.

3. ஜூன் 4, இன்று: காலை ஆராதனையில் போதகர் வழக்கம்போல ஜெபக்குறிப்புகளை வாசித்தார். மூன்றாவது: "மேலாண்மைத் துறைத் தலைமையிலிருந்து விடுபட்டு, வளாகத் திட்ட இயக்குநராகப் போகும் நம் பேராசிரியருக்காக." அந்தப் பேராசிரியர் நான். இயக்குநருக்கு வகுப்பே கிடையாது. கர்த்தருக்குச் சொல்லியாயிற்று, முந்நூறு பேருக்குச் சொல்லியாயிற்று. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

4. ஒவ்வொரு குறிப்புக்கும் எல்லாரும் ஆமென் சொல்வது வழக்கம். பழக்கதோஷத்தில் நானும் சொல்லிவிட்டேன். உரக்க. (இதைக் கடிதத்தில் சேர்க்க முடியாது.)

ஜூன் 5

அலுவலக எழுத்தர் மட்டும் கைகொடுத்தார். "டைரக்டருக்கு ரெண்டு ஜன்னல் வச்ச ரூமாமே சார், கொடுத்து வச்சவர் நீங்க." மற்றவர்கள் தரையைப் பார்த்தபடி கடந்துபோனார்கள்.

ஜூன் 6

மனைவியிடம் பட்டியலை வாசித்துக்காட்டினேன். நான்காவதில் சிரித்துவிட்டாள்.

"தலைவர் பதவி தலைவலின்னு எட்டு வருஷமா புலம்பினது யாரு? டைம்டேபிள் போடற நாளெல்லாம் நான்தானே மாத்திரை எடுத்துக் குடுத்தேன்."

"அது வேற. இவங்க க்ளாஸையே புடுங்கறாங்க."

"அப்போ அதை மட்டும் கேளுங்க. வேண்டாத கழுதை தானாப் போகுதுன்னா, கயித்தைப் புடிச்சு இழுக்காதீங்க."

அவள் சொன்னது சரி. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நல்ல நிறுவன வேலையை உதறிவிட்டு இங்கே வந்தபோது அப்பா கேட்டார்: "யாவாரம் சொல்லிக்குடுக்கறது கர்த்தருக்குச் செய்யற ஊழியமாடா?" ஆமாம் என்றேன். அன்று என் மனத்தில் இருந்தது ஒரு கரும்பலகை மட்டுமே. தலைவர் நாற்காலி எப்போது வந்து அதை மறைத்தது? நான்தானே இழுத்துப் போட்டேன்?

ஜூன் 9, திங்கள்

முதல்வரைப் பார்த்தேன். என்னிடம் படித்தவர், எழுந்து நின்றார். அவருடைய சொந்த ஜெபக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்று, ஆராதனைத் தாள்களோடு சேர்ந்து போதகரிடம் போய்விட்டதாம்.

"இன்னும் முடிவே பண்ணல சார். கர்த்தர்கிட்ட கேட்டுட்டுதான் இருந்தேன்."

"என்கிட்டயும் கேட்டிருக்கலாம். பக்கத்து ரூம்லதான் இருக்கேன்."

"நீங்களும் ஆமென் சொன்னீங்களே சார். சம்மதம்னு நெனச்சுட்டேன்."

சிரிப்பு வந்தது. அவருக்குக் காட்டவில்லை.

"உங்களுக்கு என்னதான் சார் வேணும்?"

"என் க்ளாஸ்."

"தலைவர் பதவி?"

"யாருக்கு வேணுமோ அவங்களுக்குக் குடுங்க."

சொன்ன பிறகுதான் தெரிந்தது — எட்டு ஆண்டுகளாகத் தோள்களைக் காதுவரை தூக்கியே வைத்திருந்திருக்கிறேன். அவை இறங்கின.

"அப்படியே ஆகட்டும் சார்" என்றார். வாயால்.

ஜூன் 10

எட்டு மணிநேரம் தூங்கியிருக்கிறேன். தலைவலி மாத்திரை இல்லாமல்.

ஜூன் 11, புதன்

இன்றைய ஆராதனையில் ஒவ்வொரு குறிப்பையும் முழுதாகக் கேட்ட பிறகே ஆமென் சொன்னேன். வெளியே வந்ததும் முதல்வரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். நகல்:

"துறைத் தலைமையிலிருந்து மகிழ்ச்சியுடன் விலகுகிறேன். இயக்குநர் பொறுப்பை ஏற்க இயலாது. வணிக அறம் பாடம், முதலாமாண்டுக்கு, காலை முதல் மணிநேரத்தில், என் பெயருக்கே திரும்ப வேண்டும். திங்களன்று தாங்கள் வாய்மொழியாகத் தந்த ஒப்புதலை, ஜூன் 13, வெள்ளி மாலை நான்கு மணிக்குள் எழுத்தில் தரவும். 'ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்' என்பது பதிலாகக் கொள்ளப்படமாட்டாது. ஆமென் என்று எழுதிக் கையொப்பமிட்டாலே போதும்."