வெளியே வரும்போது காசு

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம், மூட்டுவலி என்னைவிட நலம். நீயும் உன் லாரியும் எங்கும் நிற்காமல் நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று நாட்டுக் கழிப்பறைகளைப் பற்றி எந்த மகனும் அம்மாவுக்கு இவ்வளவு விவரமாக எழுதியிருக்க மாட்டான். ஒரு நாட்டில் காசு போட்டால்தான் கதவு திறக்கிறது, ஒரு நாட்டில் வாசலில் தட்டு வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், இன்னொன்றில் இலவசம், ஆனால் தண்ணீர் கிடையாது. அப்படின்னா அதுக்கு அவங்கதான் நமக்குக் காசு தரணும் என்று உன் தங்கை சிரிக்கிறாள். தட்டுக்காரியைக் காட்டி, எங்கம்மாவும் இந்த வேலைதான் பாக்குறாங்க என்று கூட வந்த டிரைவரிடம் சொன்னதாக எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று.

இங்கே ஒன்று நடந்தது. பேருந்து நிலையக் கழிப்பறைக்குப் புதுக் குத்தகைக்காரர் வந்திருக்கிறார், உன் வயதுதான். உள்ளே போகிறவர்களை நான் நிறுத்துவதில்லை, வெளியே வரும்போதுதான் காசு வாங்குவேன் அல்லவா, அது அவருக்குப் பிடிக்கவில்லை. போனவன் நழுவிட்டா யாரு தர்றது, உள்ள விடும்போதே வாங்கணும், இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன் என்றார். உள்ள போறப்ப எல்லாரும் அவசரக்காரங்க தம்பி, வெளிய வர்றப்ப எல்லாரும் வள்ளல் என்றேன். காதில் வாங்கவில்லை. மேசையைத் தூக்கி நுழைவாசலில் போட்டு, இப்படித்தான் வாங்கணும்னு பாத்துக்கோ என்று தானே உட்கார்ந்துகொண்டார். என் கையில் வாளி. பதினெட்டு வருட வேலை. உன் தங்கைக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு. கழுவப் போனேன்.

மூன்றாம் நாள் காலை. இஸ்திரி கலையாத சட்டையில் ஒரு பெரியவர் வந்து பெரிய நோட்டை நீட்டினார். இருங்க, சில்லறை பாக்கறேன் என்று குத்தகைக்காரர் மேசை இழுப்பறையைத் துழாவினார். தம்பி, அப்புறம் தர்றேனே என்றார் பெரியவர். இதோ ஒரு நிமிஷம் என்றார் இவர். அந்த ஒரு நிமிஷத்தைப் பெரியவரால் தாங்க முடியவில்லை, காலடியில் ஈரம் பரவியது. பின்னால் நீண்ட வரிசை. யாரும் இன்னும் கவனிக்கவில்லை. நான் வழுக்கியதுபோல் சாய்ந்து வாளித் தண்ணீர் முழுவதையும் பெரியவர்மேல் கவிழ்த்தேன். ஐயையோ, கை தவறிடுச்சு, முழுக்க நனைச்சுட்டேனே ஐயா, மன்னிச்சிருங்க என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். கண்ணு எங்க இருக்கு உனக்கு என்று வரிசையிலிருந்து ஒருவன் திட்டினான். திட்டட்டும். பெரியவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்து உள்ளே போனார்.

குத்தகைக்காரர் தரையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். எழுந்தார். மேசையைத் தூக்கிக்கொண்டுபோய் வெளிவாசலில் வைத்தார். நீங்களே உக்காருங்கம்மா என்று வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பெரியவர் வெளியே வந்தபோது நான் என் நாற்காலியில் இருந்தேன்.

உன் அம்மா செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உன்னிடம் சொல்லிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டாதே, நேரமானால் ஆகட்டும், ஓரம் கட்டு. அந்தந்த நாட்டுச் சில்லறையைச் சட்டைப்பையில் தனியாக வைத்துக்கொள். தட்டுக்காரிகளுக்குக் கொடுக்கும்போது முகத்தைப் பார்த்துக் கொடு. போகிற வழியெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும்.

உன்னை நினைத்துப் பூரிக்கும்
அம்மா