வாசிக்காத பத்து நிமிடம்

மே 5, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மந்தின் டவுனில் நான் வேலை பார்க்கும் கைப்பேசிக் கடைக்கு லீவு சொல்லியாயிற்று. பதினொரு மணிக்குக் கோலாலம்பூரில் வானொலி ஒலிப்பதிவு. எடுத்துப்போக வேண்டியவை: சிந்தசைசர், தாள மெஷின், லேப்டாப், வயர்கள் போட்ட பை, குடை.

நிகழ்ச்சிக்கு ஒரே நிபந்தனை. மின்னிசைக்காரர்கள் ஸ்டூடியோவில் நேரடியாக வாசிக்க வேண்டும். பத்து நிமிடம், வெட்டு ஒட்டு கிடையாது. நேற்று வீட்டில் பலமுறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் நடுவில் தாளம் நழுவியது.

அப்பா எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரியை எடுக்கக் கிளம்பும்போது கேட்டார், "எப்ப போடுவாங்க?"

"சனிக்கிழமை மத்தியானம்ப்பா."

"மில்லுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

மாலை. வந்துவிட்டேன். எழுதவே கூசுகிறது. நான் வாசிக்கவில்லை. போன மாதம் வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து முடித்த பதிவு லேப்டாப்பில் இருந்தது. அதை ஓடவிட்டுவிட்டு, சத்தத்தை அணைத்துவைத்த சிந்தசைசரில் கட்டைகளை அழுத்தினேன், குமிழ்களைத் திருகினேன். போதாததற்கு உருகி வாசிப்பவன் போலக் கண்ணை வேறு மூடிக்கொண்டேன். அதை நினைத்தால்தான் அதிகம் கூசுகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் பிரேமா அக்கா. முடிந்ததும் உள்ளே வந்தார். "முதல் தடவையிலேயே இவ்வளவு சுத்தமா யாரும் வாசிச்சதில்ல தம்பி. எல்லாம் பயந்துகிட்டே வருவாங்க லா."

"தேங்க்ஸ்க்கா" என்றேன். என் வாயால்தான்.

மே 6, புதன்

நல்ல வெயில். கடையில் திரை உடைந்த போன்கள். ஒன்றை நானே இன்னும் கொஞ்சம் உடைத்தேன்.

மத்தியானம் பிரேமா அக்காவிடமிருந்து குரல்செய்தி. "அடுத்த மாசம் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு ஒரு வகுப்பு வைக்கிறோம். பயமில்லாம எப்படி நேரடியா வாசிக்கிறதுன்னு நீங்க வந்து காட்டணும் தம்பி."

திரும்பத் திரும்பக் கேட்டேன். பதில் போடவில்லை.

மே 7, வியாழன்

கடைக்குப் பின்னால் நின்று பிரேமா அக்காவுக்குப் போன் செய்தேன். சொல்லிவிட்டேன். லேப்டாப், ஓடிய பதிவு, மூடிய கண், எல்லாம்.

"திட்டிடுங்கக்கா."

"திட்டி என்ன செய்யப் போறேன்? நேரடி வாசிப்புன்னு சொல்லி இத போட முடியாது. சனிக்கிழமைக்கு வேற ஆளோடத போட்டுடுறேன்."

"மறுபடியும் வந்து வாசிக்கட்டுமா?"

"இப்ப வேணாம் தம்பி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அப்பாவிடம் இன்றே சொல்ல வேண்டும்.

மே 8, வெள்ளி

சொல்லவில்லை. அப்பா போர்டிக்சன் டவுன் வரை போய் லோரி ரேடியோவுக்குப் புது ஏரியல் வாங்கி வந்திருக்கிறார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

மே 9, சனி

மேகமூட்டம். கடையில் ஹெட்போனில் கேட்டேன். எனக்குப் பதில் ஒரு பெண். நடுவில் ஓர் இடத்தில் சுரம் தவறியது. அவள் நிற்கவில்லை. தவறிய சுரத்தையே மறுபடி மறுபடி வாசித்துத் தாளத்தோடு சேர்த்துக்கொண்டாள். எனக்கு அது தோன்றியிருக்காது.

முடிந்த கையோடு அப்பா போன் செய்தார். "குலை எறக்கிட்டு வர லேட்டாயிருச்சு. பாதியிலேர்ந்துதான் கேட்டேன். நல்லா இருந்துச்சுடா. வண்டிய ஓரமா போட்டுட்டு கடைசி வரைக்கும் கேட்டேன்."

"ம்" என்றேன். வெறும் "ம்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பா பென்டிரைவை நீட்டினார். "இதுல ஏத்திக் குடு. மில்லுல கேக்குறாங்க."

"அது நான் இல்லப்பா. வேற ஒருத்தங்க."

தரையைப் பார்த்தபடியே முழுக்கச் சொன்னேன். அவர் பூட்ஸில் ஒட்டிய மண்ணை வாசற்படியில் தேய்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை மில்லில் என்ன சொல்வார்? அவரும் அதைத்தான் யோசித்திருப்பார்.

பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார், "அப்ப ஒன்னோடது எப்படி இருக்கும்?"

இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதில்லை. நானும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவருக்கு வாசித்துக் காட்டியதில்லை.

மெஷின்களை மேசையில் வைத்தேன். அவர் கதவருகிலேயே நின்றார்.

"ம், போடு."

"போட முடியாதுப்பா. வாசிக்கணும். தப்பு வரும்."

"வாசி."