ஜனவரி இருபத்தாறு பேனர்

அன்பு மகளுக்கு,

நேற்று ஜனவரி இருபத்தாறு. ஊரே கொடியேற்றி மிட்டாய் கொடுக்கும் நாளில்தான் நீ பிறந்தாய், அன்றைக்கே உன் அப்பாவும் போனார். அதனால் வருஷா வருஷம் தெருமுனையில் உன் பெரியப்பா கறுப்பு பார்டர் போட்ட நினைவஞ்சலி பேனர் கட்டுவார்.

இந்த வருஷம் பேனர் கடைக்கு நான் போனேன். அப்பா படத்துக்குப் பக்கத்திலேயே உன் படத்தையும், பெயரோடு பிறந்தநாள் வாழ்த்தையும் வைக்கச் சொன்னேன்.

"கறுப்பு பார்டரா, கலர் பார்டராக்கா?"

"நான் நெய்யற பட்டுப்புடவை பார்டர் போடுப்பா. அரக்கு, நடுவுல ஜரிகை."

தெருமுனையில் கட்டியதைப் பெரியப்பா பார்த்துவிட்டுக் கத்தினார். "சாவு நாள்ல பொறந்தநாள் வாழ்த்தா? அதுவும் அப்பனை முழுங்கினவளுக்கு?"

தெருவே கேட்கச் சொன்னேன்: "லாரி மோதினது சாயங்காலம் மாமா. அதுவரைக்கும் உங்க தம்பி காலையில பொறந்த இவளத் தூக்கி வெச்சிகினு தெருவுக்கே மிட்டாய் குடுத்தாரு. அவரு கொண்டாடின நாள நிறுத்த நீங்க யாரு?"

கொடியேற்றிவிட்டு வந்த பள்ளிப் பிள்ளைகள் உன் பெயரைச் சத்தமாகப் படித்துக்கொண்டு போனார்கள்.

அந்த நாளில் நீ ஊருக்கு வருவதில்லை. பரவாயில்லை, பேனரை நான் அவிழ்க்கப் போவதில்லை. எப்போது வந்தாலும் தெருமுனை திரும்பியதும் பார்ப்பாய், அப்பா பக்கத்தில் நீ சிரித்துக்கொண்டிருப்பதை.

உன்னைப் பெற்றவள்