ஓரத்திலேயே நின்றுவிட்டவை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கை கூசுகிறது. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குச் சரியான தூக்கம் இல்லை என்பது உனக்கும் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. முதல் மருந்தில் பட்ட பாடு போதும், கட்டிக்குப் புது மருந்து வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கம் முழுக்கச் சின்னவளின் பரீட்சையையும் அத்தானின் முட்டிவலியையும் எழுதியிருக்கிறாய். நடுரோட்டில் நின்று கையைக் காட்டினால் லாரியையே நிறுத்துகிற டிராபிக் போலீஸ்காரி நீ. என்னையும் அப்படி நிறுத்திவிடலாம் என்று நினைத்தாயா?

அந்த லேப்பில் அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று போனில் கேட்டாய். மழுப்பிவிட்டேன். பயந்தான் காரணம். இப்போது சொல்கிறேன்.

ஆபரேஷனில் எடுத்த கட்டியிலிருந்து மெல்லிய துண்டு ஒன்று எங்களுக்கு வரும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அதை உடம்புச் சூட்டிலேயே உயிரோடு வைத்து, நோயை எதிர்க்கும் அணுக்களுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் படமெடுப்பது என் வேலை. நல்ல சதையில் அந்த அணுக்கள் சும்மா இருக்காது. மோப்பம் பிடித்தபடி இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். கட்டியின் ஓரத்துக்கு வந்ததும்தான் வினை. அது தன்னைச் சுற்றி நார் நாராகப் பின்னி வைத்திருக்கிறது. வழிகாட்டும் மோப்பத்தையும் கெடுத்துவிடுகிறது. வந்தவை நாரில் சிக்கி, வந்த வேலையே மறந்ததுபோல் நின்றுவிடுகின்றன. ஆள் பஞ்சம் இல்லை அக்கா. உள்ளே போகத்தான் முடியவில்லை.

போன வாரம் வந்த துண்டில் பச்சை ஒன்றுகூட அசையவில்லை. எல்லாம் ஓரத்திலேயே நின்றன. சூடு குறைந்தால் அணுக்கள் மந்தமாகிவிடும், அது எங்கள் வேலையில் பாலபாடம். ஹீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். தெர்மாமீட்டர் சரியான சூட்டைக் காட்டியும் நம்பாமல் திருகிக் கூட்டினேன். துண்டு பாழாய்ப் போனது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் இப்படிச் செய்ததே இல்லை. லேப்பை நடத்தும் மேடம் திட்டவில்லை. யாருடையது என்று நினைத்துக்கொண்டு பார்த்தாய் என்று மட்டும் கேட்டார். பொலபொலவென்று அழுதுவிட்டேன். உன் ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்கு எதுவும் வருவதில்லை. அது தெரிந்தும், எந்தத் துண்டைப் பார்த்தாலும் எனக்கு நீதான் தெரிகிறாய்.

மறுநாள் அதே கட்டியின் இன்னொரு துண்டை வைத்தோம். ஹீட்டரை நான் தொடவே இல்லை. அதிலும் அதே கதைதான். பிறகு உனக்குத் தரப்போகிற அந்த வகை மருந்தை விட்டோம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. நகம் முழுக்கக் கடித்துத் தீர்த்துவிட்டேன். அப்போது ஒன்று நாரை விட்டுக் கழன்றது. தயங்கியது, திரும்பியது, மறுபடி வந்து உள்ளே நுழைந்தது. பின்னாலேயே இன்னும் சில போயின. பெரும்பாலானவை கடைசிவரை நகரவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். லேப் தட்டில் நடந்தது உடம்பிலும் நடக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. நீ மருந்து எடுத்தாலும் எனக்குப் பயம், எடுக்காவிட்டால் அதைவிடப் பயம்.

அத்தானின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும். சின்னவள் எப்படியும் படித்துவிடுவாள். ஆனால் பரீட்சை முடிந்து அவள் வரும்போது கதவைத் திறக்க நீ வேண்டும்.

கடைசியாக ஒன்று. மருந்துக்கு வாங்கியிருந்த தேதியை நீ ரத்து செய்துவிட்டதாக அத்தான் ரகசியமாகச் சொன்னார். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நீயே பேசுவதுபோல் பேசி, அதைத் திரும்ப வாங்கிவிட்டேன். வரும் திங்கட்கிழமை காலை. உன் அதட்டல் எனக்கு நன்றாகவே வருகிறது. போனை எடுத்த பெண் மறுபேச்சில்லாமல் சரிங்க மேடம் என்றாள். உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், தெரியும். போனில் திட்டாதே. ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன், உள்ளே போகிற வழியில் நேரில் திட்டு.

நூறு வயது வரை இப்படியே என்னைத் திட்டிக்கொண்டிரு, அக்கா.

வாசலில் காத்திருக்கும்
உன் தங்கை